என்ஜின் வேலை பார்த்த புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து தேடுவது?

ஒரு தம்பி எழுதிய கேள்வி இது: அவருடைய அப்பாவின் 1995 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. காஸ்ட் அயர்ன் என்ஜின், பாயிண்ட் செட் (திறக்கும் நொடியில் ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) வண்டி. புகை தாங்க முடியாமல் என்ஜினை இறக்கி, ரீபோர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பிக் எண்ட், வால்வு கிரைண்டிங் எல்லாம் முடித்து, ஆறு மாதம் கழித்துத் தம்பியே பொருத்தியிருக்கிறார். ஃபிரேமுக்கும் பவுடர் கோட்டிங். இரண்டு வாரமாகக் கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வருகிறது. பத்துக் கிக்குக்கு ஒருமுறை கார்பரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடிக்கிறது, ஆனால் கிக்கர் திருப்பி அடிப்பதில்லை. புது பிளக்கும் புது காயிலும் மாற்றியாகிவிட்டது. அடுத்து கார்பரேட்டரை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, கார்பரேட்டர் வாங்க வேண்டாம். காசை அப்படியே வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோனால், எது தேய்ந்தது, எது அடைத்தது, எது எரிந்தது என்று தேடுவோம். பிரித்துப் பூட்டிய என்ஜின் வேறு மாதிரி. அதில் தேய்ந்த சாமான் எதுவும் இல்லை, எல்லாம் புதுசு. பிரிப்பதற்கு முன்னால் புகை விட்டுக்கொண்டாவது அது ஓடியது. அப்படியானால் கோளாறு இருக்கப்போவது நம் கை பட்ட இடத்தில்தான். முப்பது வருடமாக இந்த என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறேன். என் பட்டறையில் பூட்டியது ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோதெல்லாம் நான் செய்த முதல் வேலை, கடைசியாக எதையெல்லாம் கழற்றி மாட்டினேன் என்று ஒரு தாளில் எழுதுவது. நீங்களும் எழுதுங்கள். டைமிங் கியர், அட்வான்ஸ் யூனிட் (வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னால் தள்ளுவது), பாயிண்ட், புஷ் ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி), ஹெட், கார்பரேட்டர், ஒயரிங், ஃபிரேம் பெயிண்ட். பிளக்கும் காயிலும் அந்தப் பட்டியலிலேயே வராது. பழைய காயில் ஆறு மாதம் முன்பு வேலை செய்தது. ஒரு பையில் கிடந்ததால் கெட்டுப்போயிருக்காது.

சரி, என்ஜின் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கிக்கர் திருப்பி அடித்தால் ஸ்பார்க் ரொம்ப முன்னாலேயே வருகிறது. பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடித்து அதைக் கீழே தள்ளுகிறது. கணுக்கால் எலும்பு உடையும் அளவுக்கு அடிக்கும், அதனால் அதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. சைலன்சரில் வெடித்தால் ஸ்பார்க் தாமதம், அல்லது எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை. கார்பரேட்டரில் வெடித்தால், இன்லெட் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு இருக்கிறது. உங்களுக்குக் கார்பரேட்டரில் வெடிக்கிறது, கிக்கர் ஒருமுறைகூடத் திருப்பி அடிக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: டைமிங் ஒரு முழுச் சுற்று மாறி நிற்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். பிளக் ஓட்டை வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாயிண்டைத் திறக்கும் கேம், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க்தான். எக்ஸாஸ்ட் உச்சியில் வைத்து டைமிங் கட்டிவிட்டால், ஸ்பார்க் ஒவ்வொரு முறையும் தவறான உச்சியில் விழும். வெளியே எடுத்துப் பார்த்தால் பிளக் அழகாக நீலமாகப் பொறி விடும். உள்ளே அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் மூடப்போகிறது, இன்லெட் திறக்க ஆரம்பித்துவிட்டது. மிச்சம் கிடக்கும் கொஞ்சம் பெட்ரோல் காற்று பற்றிக்கொண்டு, திறக்கிற இன்லெட் வழியாகக் கார்பரேட்டரில் ‘டப்’. கம்ப்ரஷன் உச்சியில் ஸ்பார்க்கே இல்லாததால் திருப்பி அடிக்கவும் வழியில்லை.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஹெட்லைட் கேசிங்கில் இருக்கும் ஆம்மீட்டர் போதும். லைட்டை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் கரண்ட் இழுக்கும், முள் இடது பக்கம் மைனஸில் மூன்று நாலு ஆம்பியர் சாயும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வந்துவிடும். இப்போது டிகம்ப்ரஷரை (அமுங்கிய காற்றை வெளியே விடும் ஹேண்டில் லீவரை) தொடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கல்லைப் போல நிற்கும். அதுதான் கம்ப்ரஷன். அங்கே டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு ஒரு விரற்கடை கீழே அழுத்துங்கள், முள் நடுவுக்குத் தாவ வேண்டும். தாவினால் டைமிங் சரியான ஸ்ட்ரோக்கில் இருக்கிறது. கிக்கர் கெட்டியாகும் இடத்தில் முள் மைனஸிலேயே கிடந்து, அடுத்த சுற்றில் கிக்கர் லேசாகப் போகும் இடத்தில் நடுவுக்கு வந்தால், நான் சொன்னதுதான் கோளாறு. சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால் காயில் சூடாகிவிடும், புதுக் காயில் வேறு.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? பிளக்கைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாலாவது கியரில் பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். வலது பக்க டாப்பெட் மூடியைத் திறந்து இரண்டு புஷ் ராடையும் விரலால் பிடித்துப் பாருங்கள். கம்ப்ரஷன் உச்சியில் இரண்டும் விரலுக்குச் சுலபமாகச் சுழலும். எக்ஸாஸ்ட் உச்சியில் ஒன்று இறங்கிக்கொண்டும் மற்றது ஏறிக்கொண்டும் இருக்கும், விரலுக்குச் சுழலாது. பாயிண்ட் திறப்பது இதில் எந்த உச்சியில் என்று பாருங்கள்.

தவறான உச்சிதான் என்றால், பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, அதன் பள்ளத்தில் அவ்வளவு இடம் கிடையாது. வலது பக்க டைமிங் கவரைக் கழற்றியாக வேண்டும். எண்ணெய் வழியும், கீழே தட்டு வையுங்கள். அட்வான்ஸ் யூனிட் ஒரு டேப்பர் ஷாஃப்ட்டின் மேல், அதாவது கூம்பிய நுனியின் மேல், உட்கார்ந்திருக்கிறது. நடு நட்டைத் தளர்த்தினால் முதலில் லேசாக வரும், பிறகு மறுபடி இறுகும், அப்போது நட்டே யூனிட்டை டேப்பரிலிருந்து இழுத்து விடும். சுத்தியலால் தட்ட வேண்டாம். டேப்பர் என்பதால் அதை எந்தக் கோணத்திலும் வைத்து இறுக்கலாம். அந்தச் சுதந்திரம்தான் இந்தத் தப்புக்கும் காரணம்.

கம்ப்ரஷன் உச்சிக்கு பிஸ்டனைக் கொண்டுவாருங்கள். பிளக் ஓட்டை சாய்வாக இருக்கிறது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டால் வளைந்து மாட்டிக்கொள்ளும்; ஜூஸ் கடை பிளாஸ்டிக் ஸ்ட்ரா நல்லது. உச்சியிலிருந்து சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றி, பிஸ்டனைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கி, பிறகு முன்னுக்குச் சுற்றி, உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். பின்னுக்குச் சுற்றி அப்படியே நிறுத்தினால் கியர் பற்களுக்கிடையே இருக்கும் விளையாட்டு உங்களை ஏமாற்றிவிடும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த என்ஜினில் 0.8 மி.மீ. என்பது கிராங்க் கணக்கில் சுமார் 10 டிகிரி. அட்வான்ஸ் எடை இரண்டும் உள்ளே மடங்கிய நிலையில், அதாவது ஸ்பார்க் மிகத் தாமதமாக வரும் முழு ரிடார்டில், பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கும் இடம் இதுதான். மெல்லிய காகிதம் ஒன்றை பாயிண்டுக்கு நடுவில் செருகி லேசாக இழுத்துக்கொண்டே இருங்கள். காகிதம் நழுவும் அந்த நொடியில் பாயிண்ட் திறக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பாடி பள்ளத்தின் நடுவில் இருக்கட்டும், பிறகு சிறு மாற்றத்துக்கு இருபுறமும் இடம் கிடைக்கும். நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் சரிபாருங்கள், இறுக்கும்போது யூனிட் லேசாக நகர்ந்திருக்கும்.

இந்த வேலைக்கு முன்னால் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்துவிடுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும், அதனால் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை வேலை.

டைமிங் கவர் திறந்திருக்கும்போது கேம் கியர்களின் அடையாளப் புள்ளிகளையும் பார்த்துவிடுங்கள். கிராங்க் பினியனில் ஒரு குறி, இரண்டு கேம் கியரிலும் குறிகள். எல்லாம் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஸ்டார்ட் ஆனாலும் திணறித் திணறித்தான் ஓடும். டைமிங் கவரில்தான் எண்ணெய்ப் பம்புகள் இருக்கின்றன. கவரை மூடும்போது பிக் எண்டுக்கு எண்ணெய் போகும் வழியில் இருக்கும் சின்ன சீலைப் புதிதாக மாட்டுங்கள். அது நழுவினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், நன்றாகவும் ஓடும், கொஞ்ச நாளில் பிக் எண்ட் போய்விடும். நீங்கள் லேத் பட்டறையில் கொடுத்த காசும் அதோடு போகும்.

ஆம்மீட்டர் சோதனையில் டைமிங் சரியான ஸ்ட்ரோக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்து நான் போவது புஷ் ராடுக்கு. புதுசாக வால்வு உட்காரவைத்த ஹெட்டில் புஷ் ராடைச் சற்று இறுக்கமாக வைத்துவிட்டால், வால்வு முழுதாக மூடாது. காற்று அமுங்காது. இன்லெட் மூடவில்லை என்றால் அதுவும் கார்பரேட்டரில் வெடிக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில், புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். ஃபீலர் கேஜ் நுழையும் அளவுக்கு இடைவெளி வைக்கும் வேறு வண்டிப் பழக்கத்தை இதில் கொண்டுவராதீர்கள்.

கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்கக் கேஜ் வாங்க வேண்டாம். உச்சிக்குச் சற்று முன்னால் கிக்கரில் உங்கள் எடையை வையுங்கள். நல்ல என்ஜின் ஒரு நொடியாவது தாங்கிவிட்டுப் பிறகு மெதுவாக இறங்கும். சட்டென்று இறங்கினால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தாங்கினால் ரிங் பக்கம் லீக். புது ரிங் புது போரில் உட்காரக் கொஞ்சம் ஓட வேண்டும், அதனால் அதை முதல் நாளில் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆயில் விட்டும் மாற்றமில்லை என்றால் வால்வு, ஹெட் கேஸ்கட், அல்லது டிகம்ப்ரஷர். டிகம்ப்ரஷர் கேபிள் கொஞ்சம் இழுபட்டிருந்தாலும் அந்த வால்வு முழுதாக மூடாது. ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் இழுபடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரப் பக்கம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது பவுடர் கோட்டிங். அது கரண்டுக்குத் தடுப்பு. சில வருடம் முன்பு ஒருவர் இதேபோல அழகாக ஃபிரேம் அடித்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்ஜின் போல்ட் ஓட்டை, பேட்டரி எர்த் போல்ட், காயில் கிளாம்ப் எல்லா இடத்திலும் பெயிண்ட். ஸ்பார்க் சில சமயம் வரும், சில சமயம் வராது. மூன்று காயில் மாற்றியிருந்தார். பேட்டரி எர்த் முனையிலிருந்து என்ஜின் கேசுக்கு ஒரு தடித்த ஒயரை நேராகக் கட்டினேன், முதல் கிக்கில் எடுத்தது. அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உங்கள் வண்டியிலும் அந்த ஒயரைத் தற்காலிகமாகக் கட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. வித்தியாசம் தெரிந்தால் எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள்.

இரண்டாவது கண்டென்சர், பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்கும் சின்னச் சாமான். இருட்டில் ஒருவரைக் கிக் அடிக்கச் சொல்லிவிட்டு பாயிண்டைப் பாருங்கள். பாயிண்டில் பெரிய பெரிய பொறியாக வந்து, பிளக்கில் மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டென்சர் போய்விட்டது. இப்போது கடையில் கிடைப்பதில் சிலது புதுசிலேயே செத்திருக்கிறது, அதனால் ‘புதுசுதான் மாட்டினேன்’ என்பதை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. பழைய பாயிண்ட் வண்டி எதிலிருந்தாவது வேலை செய்கிற கண்டென்சரை எடுத்து வெளியே ஒயரில் கட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். புது பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு பூசி அனுப்புகிறார்கள். பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்காமல் மாட்டினால் கரண்டே போகாது. ஒயர் மாட்டும் ஸ்குரூவில் ஃபைபர் வாஷர் விட்டுப்போனால் பாயிண்ட் திறந்தாலும் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். அப்போது ஆம்மீட்டர் முள் நடுவுக்கே வராது.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோளாறு அங்கே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோல் என்றால் கொட்டிவிட்டுப் புதுசு போடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நீர் அடியில் தங்கிவிடும். கார்பரேட்டரின் ஐடில் ஜெட் ஓட்டை ஊசிமுனை அளவு, வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வழியாக ஒளி தெரிய வேண்டும். கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்சுலேட்டரில் கேஸ்கட் இரண்டு பக்கமும் இருக்கட்டும், இல்லையென்றால் அங்கே காற்று இழுத்து, கலவை வறண்டு, அதுவும் ‘டப்’ என்றுதான் வெடிக்கும். இரண்டு வாரம் கிக் அடித்ததில் சிலிண்டர் பெட்ரோலில் நனைந்திருக்கும். டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருப்பி, டிகம்ப்ரஷரைப் பிடித்து, பத்துக் கிக் அடித்துக் காயவிடுங்கள். பிளக்கைத் துடைத்து 0.5 மி.மீ. இடைவெளி வைத்து மாட்டுங்கள்.

இன்னொன்று, ஆறு மாதம் சைலன்சர் எங்கே கிடந்தது? மூலையில் சும்மா கிடந்த சைலன்சருக்குள் குளவி கூடு கட்டிவிடும், மண்ணால் அடைத்துக்கொள்ளும். அதேபோல ஹெட் பெயிண்ட் அடிக்கும்போது தூசி போகாமல் போர்ட்டில் திணித்த துணி. நானே ஒருமுறை எக்ஸாஸ்ட் போர்ட்டில் திணித்த துணியோடு சைலன்சரை மாட்டியிருக்கிறேன். ஒரு முழு மாலை அதற்குப் போனது. அன்றிலிருந்து போர்ட்டில் திணிக்கும் துணிக்குச் சிவப்புத் துணி மட்டும், அதுவும் ஒரு முனை வெளியே தொங்கும்படி.

இந்த என்ஜின் மேல் பயம் வேண்டாம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து எண்ணூருக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்த காலத்திலிருந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அடிப்படை மாறாமல் வந்த என்ஜின் இது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அதனால்தான் சாமான் மாற்றி மாற்றிப் பார்க்கும் வழியில் இதை அணுகினால் எனக்கு மனசு கேட்பதில்லை. பொறுமையாகப் பார்த்தால் கோளாறு எங்கே என்று அதுவே காட்டிவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். முதலில் எண்ணெய். வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் பேன்ஜோ போல்ட்டை (எண்ணெய் போக நடுவில் ஓட்டை உள்ள போல்ட்டை) ஹெட்டில் லேசாகத் தளர்த்திப் பாருங்கள், ஓரிரு நிமிடத்துக்குள் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். வந்தால் இறுக்கிவிட்டு, சிலிண்டர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்ததும் அணையுங்கள். முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு முறை குறுக்கு மறுக்காக இறுக்கி, புஷ் ராடையும் திரும்பப் பாருங்கள், கேஸ்கட் அமர்ந்ததில் அது மாறியிருக்கும். முதல் 500 கி.மீ. வரை 50-க்கு மேல் போக வேண்டாம், அது முடிந்ததும் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

முதலில் அந்த ஆம்மீட்டர் சோதனையைச் செய்துவிட்டு, கிக்கர் கெட்டியாகும் இடத்தில் முள் எங்கே நின்றது என்று மட்டும் எழுதுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.